வட்டியில்லாத் தவணையா? கணக்கைப் பாருங்கள்!

"வட்டியே இல்லை பாய், மாசா மாசம் கட்டினா போதும்." செல்போன் கடைகளில் இந்த ஒரு வார்த்தையில் நம் இளைஞர்கள் கடனாளிகளாகிறார்கள். பல இடங்களில் விற்பவரும் நம்மவர், வாங்குபவரும் நம்மவர். வட்டி ஹராம் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

கடனுக்கு வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே தமது கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்து, தவணைக்கு உணவுப் பொருள் வாங்கியுள்ளார்கள் (புகாரி). ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருப்பதையும் 1990-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அனுமதித்தது. ஆனால் பேரம் முடியும்போதே ஒரே விலை முடிவாகிவிட வேண்டும். பிறகு தாமதமானாலும் ஒரு காசு கூடக் கூட்டக் கூடாது. கூட்டினால் அது வட்டி. கெடு முடிந்ததும் மேலும் அவகாசம் கொடுத்துக் கடனை ஏற்றுவதுதானே ஜாஹிலிய்யா காலத்து வட்டி!

இன்றைய 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டங்களில் அவகாசம் தருபவர் கடைக்காரர் அல்ல. ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ கடைக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்களைத் தன் கடனாளியாக்கிக் கொள்கிறது. பொருளை அது வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. ஆகவே இது வியாபாரமல்ல, பணக்கடன். அதன் மேல் பெறும் கூடுதல் வட்டியே.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' கணக்கைப் பாருங்கள். போன் 12,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 600 ரூபாயைத் தள்ளுபடி என்று கழித்து, 11,400 ரூபாய் கடன் தருகிறார்கள். அதற்கு 600 ரூபாய் வட்டி போட்டு, மாதம் 2,000 வீதம் ஆறு மாதம் வாங்குகிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது முஃப்தி அல்ல, ரிசர்வ் வங்கி!

வேறு சில திட்டங்களில் உண்மையிலேயே வட்டி இல்லை. கெடு தாண்டினால்தான் அபராதம். "நான் தவறாமல் கட்டிவிடுவேனே" என்பார்கள். இதில் இன்றைய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தாமதத்துக்குக் கூடுதல் தருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக் கொள்வது லேசான விஷயமா? அபராதத்தை வட்டியாக வசூலிக்காமல் கட்டணமாகவே வசூலிக்க வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அபராதத்தின் மேல் வட்டி ஏறாது என்ற அளவில் அது நன்மையே. ஆனால் பெயர் மாறியதால் ஷரீஅத்தின் தீர்ப்பு மாறிவிடுமா?

வியாபாரச் சகோதரர்களே! வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரும் குற்றத்தில் சமம் என்கிறது முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸ். நம் கடையில் அமர்ந்து கடன் படிவம் நிரப்பித் தருபவர் இவர்களில் யார்? நம்பிக்கையான வாடிக்கையாளருக்கு நீங்களே தவணை கொடுங்கள். லாபத்தையும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். எழுதிக் கொள்ளுங்கள், ஜாமீனோ அடமானமோ கேளுங்கள். அது உங்கள் உரிமை. உண்மையிலேயே கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுங்கள். அது அல்பகரா அத்தியாயத்தின் 280-வது வசனம் இடும் கட்டளை.

இளைஞர்களே! கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாதுகாப்புத் தேடினார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். அவசியத் தேவை என்றால் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். உங்கள் மஹல்லாவில் அது இல்லையென்றால் உருவாக்க முன்வாருங்கள். போன் போன்றவற்றுக்கு மாதம் 2,000 ரூபாய் கட்டத் தெரிந்த உங்களுக்கு, அதே 2,000 ரூபாயை ஆறு மாதம் சேர்த்து வைக்கத் தெரியாதா?