அனுபவத்துக்கும் உரைகல் உண்டு

புனேயின் ஔந்த் சாலையில் இருக்கும் ஸ்பைசர் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம், 1915இல் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, பெங்களூர் வழியாக 1942இல் புனேக்குக் குடிபெயர்ந்தது. அதை நடத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை பிறந்த கதையே, கடவுள் அனுபவத்தை ஏன் ஆராய வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் ஆயிரக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுடைய பரவசத்தில் பாசாங்கு இல்லை. ஆனாலும் நாள் பொய்த்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து மீண்டவர்கள் உருவாக்கிய சபை, தன் நிறுவனர்களில் ஒருவரான எலன் ஒயிட்டின் தரிசனங்களைப் போற்றிக்கொண்டே, எந்த அனுபவத்தையும் வேதாகமத்தில் உரசிப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. விதியை எவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தார்கள் என்ற சர்ச்சை ஓயவில்லை. இருந்தாலும் அது பட்டுத் தெளிந்தவர்களின் விதி.

ஜெபக்கூட்டத்தில் ஒருவர் "இது என் அனுபவம்" என்றால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. இறையியல் வகுப்பில் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோவைப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, இந்துக்களின் பக்தி இலக்கியத்தையும் யோவான் நற்செய்தியையும் அருகருகே வைத்து ஆராய்ந்து 1922இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அனுபவத்தை உரசிப் பார்க்க, நம் தருக்க மரபின் பிரமாணங்களை, அதாவது அறிவின் ஆதாரங்களை, எடுத்துக்கொண்டு, வேதம், யுக்தி, அனுபவம் என்ற மூன்றோடு சபையையும் சேர்த்தார். அனுபவம் சாட்சி சொல்லலாம், தீர்ப்பைத் தனியே எழுத முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்தவர் உள்ளத்தில் நடப்பதை எதைக்கொண்டு அளப்பது என்று கேட்கலாம். உள்ளத்தை அளக்க வேண்டாம். அது பேசும் மொழியைப் பார்க்கலாம். 1895இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்தியக் கவிஞர் நாராயண வாமன் திலக், புனேக்கு அருகிலுள்ள தேஹுவின் பக்திக் கவிஞர் துக்காராம் பாடிய அபங்கம் என்ற பாடல் வடிவிலேயே கிறிஸ்துவைப் பாடினார். அனுபவம் முந்தியா, அதற்கு உருக்கொடுத்த மொழி முந்தியா? இது ஆதாரத்தோடு விவாதிக்கக்கூடிய கேள்வி. ஆராய்ந்தால் பக்தி வற்றிவிடும் என்ற அச்சத்துக்கு வைணவர்களே விடை. திருவாய்மொழியைப் பதம் பதமாகப் பிரித்து, 'ஈடு' என்ற பேருரை வரை உரைமேல் உரை எழுதினார்கள். கோயில்களில் பாசுரம் நின்றுவிடவில்லை. வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரான ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற கிறிஸ்தவக் காப்பியத்துக்குத்தான் அப்படியொரு நீண்ட உரை மரபு வாய்க்கவில்லை.