மலையில்லா ஊரில் மலை

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவனுக்குச் சித்திரப் பாடத்தில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் வினவலாம். நன்னிலம் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றின் சுவரில் குழந்தைகள் வரைந்த படங்களைக் கண்டேன். யாவற்றிலும் இரு மலைகள், இடையே உதயசூரியன், கீழே ஒரு வீடு! நன்னிலத்தில் நாற்புறம் நோக்கினும் வயலும் வரப்பும் வாய்க்காலுமேயன்றி மலை ஏது? கரும்பலகையில் இருந்ததைப் பிள்ளைகள் பெயர்த்திருக்கின்றனர், அவ்வளவே. ஒரு சிறுவன் மட்டும் சேற்றில் புதைந்த அறுவடை இயந்திரத்தையும், அதைக் கயிறு கட்டி இழுக்கும் ஆட்களையும் வரைந்திருந்தான். அப்படம் சுவரேறவில்லை, மேசைக்கடியில் கிடந்தது.

ஆசிரியரைக் குறை கூறுதல் நியாயமன்று. இருவரே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் பல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கே பகுதிநேரக் கலையாசிரியரை விதித்தது. ஆறாம் வகுப்பை எட்டுமுன்பே, "எனக்குப் படம் வராது" என்று சொல்லப் பிள்ளை பழகிவிடுகிறது.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்பும் நெசவும் பாடமானதை நெசவாளர் அறிவர். சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் சேவாகிராமத்தில் குழந்தைகளுக்குச் சித்திரமும் கற்பித்ததை அறிந்தோர் சிலரே. பெரியோர் வரைந்ததைப் பார்த்தெழுதுவதன்று, தான் கண்டதையும் உணர்ந்ததையும் வரைவதே குழந்தைக்குக் கல்வி என்பது அவர் கொள்கை.

இதற்கு வேண்டிய ஆசான்கள் நம்மிடையே இல்லையா? அளவுகோலின்றிப் புள்ளி வைத்துக் கோலமிடும் தாய் இருக்கிறாள். முந்தானைப் பூவைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாய் நிரப்பும் நெசவாளர் இருக்கிறார். (அவருடைய மகனே இன்று மலை வரைகிறான் என்பதுதான் எனக்கு வருத்தம்.) அருகேயுள்ள திருவாரூரில், தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை 17ஆம் நூற்றாண்டுச் சித்திரமாக விரிந்திருக்கிறது, அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், பிள்ளைகளுக்கோ அது விளையாட்டு.

நெசவாளர் பிள்ளைகள் யாவரும் தறிக்கே வரவேண்டுமென்பது என் எண்ணமன்று. எங்குச் சென்றாலும் தன் கண்ணை நம்பக் கற்றிருக்கட்டும் என்பதே. துணைவிதி இடங்கொடுக்கும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து பள்ளிக்குத் தாளும் வண்ணக் கட்டியும் வாங்கித் தரலாம். வாரத்தில் ஒரு பிற்பகல், தலைமையாசிரியர் இசைவுடன், அங்கத்தினர் ஒருவர் சென்று பிள்ளைகளோடு அமரலாம். அவர் பலகையில் எதையும் வரைந்து காட்ட வேண்டா. "இன்று வரும் வழியில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் போதும்.