வரைபடத்தில் இல்லாத நாடு



வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை மாணவர்கள் ஐயமின்றி நம்புகின்றனர். நாமும் அப்படித்தான் நம்புகிறோம். ஆனால், எல்லாத் தன்னாட்சி நிலங்களுக்கும் அதில் இடம் கிடைத்துவிடுகிறதா? கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சோமாலிலாந்தின் வரலாறு இதற்கு விடை கூறும்.

பிரிட்டிசாரின் ஆளுகையில் இருந்த இந்நிலம் 1960 சூன் 26ஆம் நாள் விடுதலை பெற்றது. ஐந்தே நாளில், இத்தாலியின் பொறுப்பில் இருந்த தென்பகுதியோடு விரும்பி இணைந்து சோமாலியா ஆனது. அந்த இணைப்பு இனிக்கவில்லை. அதிகாரம் தெற்கே மொகடிசுவில் குவிந்தது. 1988இல், வடக்கின் கிளர்ச்சியை ஒடுக்குவதற்காகச் சியாட் பாரேயின் அரசு ஹர்கெய்சா நகரைக் குண்டுவீசி அழித்தது. பல்லாயிரவர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்கு அகதிகளாக ஓடினர். 1991 சனவரியில் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அவ்வாண்டு மே 18ஆம் நாள் சோமாலிலாந்து தன்னைத் தனிநாடாக அறிவித்துக் கொண்டது.

அதன்பிறகு நடந்ததுதான் வியப்புக்குரியது. 1993இல் போராமா என்னும் ஊரில் குலமூத்தோர் பல மாதங்கள் கூடிப் பேசி ஓர் அரசை அமைத்தனர். தனி நாணயம், தனிக் காவல்துறை, தனிக் கடப்பிதழ் எல்லாம் வந்தன. 2003ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் தேர்தல் ஆணையம் அறிவித்த வாக்கு வேறுபாடு வெறும் 80! தோற்ற சிலான்யோ நீதிமன்றத்தை நாடினார். அங்கும் தோற்றபின் ஆயுதம் ஏந்தவில்லை. காத்திருந்து 2010இல் வென்றார். 2024இலும் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்று, ஆட்சி அமைதியாகக் கைமாறியது.

ஆயினும், 2025 திசம்பரில் இசுரேல் அங்கீகரிக்கும் வரை ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதனை ஏற்கவில்லை. ஏன்? சோமாலியா பிரிவினைக்கு இசையவில்லை. ஒன்றுக்கு இசைந்தால் எல்லைகள் எங்கும் குலையும் என ஆப்பிரிக்க நாடுகள் அஞ்சுகின்றன. சோமாலிலாந்தினுள்ளும் எல்லாரும் ஒருமனத்தர் அல்லர். 2023இல் கிழக்கே லாசு அனோது பகுதியினர் போரிட்டு அதன் படையை வெளியேற்றினர். இவற்றையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

எனினும், தென் சூடானை எண்ணிப் பாருங்கள். சூடான் இசைந்ததால் 2011இல் உடனே அங்கீகாரம் கிட்டியது. இரண்டரை ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆக, அங்கீகாரம் நல்லாட்சிக்குத் தரப்படும் பரிசன்று. பிற அரசுகளின் நலனும் அச்சமுமே அதனை முடிவு செய்கின்றன என்பது என் கருத்து. அதன் சுமையோ எளிய மக்கள்மேல் விழுகிறது. அவர்களின் கடப்பிதழைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. உலக வங்கியிடம் அவர்களது அரசு நேராகக் கடன் பெறவும் வழியில்லை.

இதனைத் தொடக்கப்பள்ளியில் சொல்லலாமா எனச் சிலர் கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம். எந்தப் பக்கம் சரி என்று நாம் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. "இந்தக் கோட்டை வரைந்தவர் யார்? அங்கு வாழ்பவர் என்ன சொல்கிறார்?" என்று வினவப் பழக்கினால் போதும். நாடுகளின் பெயரையும் தலைநகரையும் மனனம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைகளோடு வரைபடத்தை விரித்து ஹர்கெய்சாவைத் தேடிப் பாருங்கள்.