மண்ணில்லா வேளாண்மையும் மூன்று குடம் நீரும்

மண்ணில்லா வேளாண்மை பற்றி எழுதப்படுவனவற்றில் ஒரு வாக்கியம் தவறாமல் எதிர்ப்படுகிறது. வயலுக்குப் பாயும் நீரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதே அது. பருவம் பொய்த்தால் குடத்தோடு காத்துநிற்கும் பேரையூர் போன்ற கரிசல் பக்கத்து ஊரில் இதற்கு மயங்காதார் யார்? நாங்களும் மயங்கினோம். மூன்றாண்டுகள் மாடியில் கீரை வளர்த்தபின் அந்தக் கணக்கு பாதிக் கணக்கே என்று சொல்லத் தோன்றுகிறது.

'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் சொல்லைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து வில்லியம் கெரிக் 1937இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் அதன் முற்பாதி நீர், பிற்பாதி உழைப்பு. விளம்பரங்கள் அந்தப் பிற்பாதியை மறந்துவிடுகின்றன. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் வெளியிட்ட கையேட்டில், நல்ல மண்ணைவிட நீர்முறை விளைச்சலில் பெரிதாக விஞ்சிவிடவில்லை என்றே முடிவு கண்டனர். அவர்கள் பெயர் தாங்கிய கரைசலை உலகம் எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

முதலில் நாங்கள் அமைத்தது பி.வி.சி. குழாய்களில் மோட்டார் வழியே நீர் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மறந்து இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டோம். பங்குனி வெயில். மாலையில் திரும்பியபோது நாற்பது செடிகளும் வெந்த கீரைபோலக் கிடந்தன. மண்ணென்றால் ஒருநாள் மறதியைப் பொறுத்துக்கொண்டிருக்கும். குழாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது.

பிறகு, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி வகுத்த நிலைநீர் முறைக்கு மாறினோம். மோட்டார் வேண்டியதில்லை. மூடிய தொட்டியில் கரைசலை நிரப்பி, மூடியின் துளைகளில் செடிகளை நிறுத்திவிட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். வெளிப்பட்ட வேர்கள் காற்றை உண்ணும். ஒளி புகுந்தால் பாசி படரும், இடுக்கு இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். இவ்விரண்டையும் தடுத்தால் போதும். விற்பவர்கள் லெட்டூஸ் விதையைத்தான் நீட்டுகிறார்கள். பேரையூரில் அதை உண்பார் யார்? நாங்கள் பாலக்கும் புதினாவும் போட்டோம்.

இனி நீர். கீரைக்கான கரைசலில் மின்கடத்துதிறன் மானி 1.2 முதல் 1.8 வரை காட்டினால் போதும். எதையும் கலக்காத எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரே 2ஐத் தாண்டியது. உரம் சேர்க்க இடமே இல்லை. உவர்நீரின் காரத்தன்மையால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போக, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் குருத்திலைகள் வெளுத்தன. வேறு வழியின்றி ஆர்.ஓ. நீரை ஊற்றினோம். கீரை தழைத்தது.

அப்போதுதான் மாமனார் வந்திருந்தார். பருத்தியும் குதிரைவாலியும் போட்ட மனிதர். சுத்திகரிப்பானிலிருந்து கழிவுநீர் சாக்கடைக்கு ஓடுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, மூணு குடத்தைச் சாக்கடையில விட்டுட்டு ஒரு குடத்துல கீரை போட்டு, தண்ணிய மிச்சம் பிடிச்சேன்னு சொல்றீகளே!"

எங்களிடம் பதில் இல்லை. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பொதுவாக ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. நாற்பது லிட்டர் தொட்டியை நிரப்ப நூறு லிட்டருக்கு மேல் கழிவாகிறது. தொட்டிக்குள் செலவாகும் நீரை மட்டுமே அளக்கும் கணக்கு அதைக் காண்பதில்லை. கழிவுநீரால் தரை துடைக்கலாம் என்பார்கள். துடைத்தோம். எத்தனை முறைதான் துடைப்பது?

விடை தலைக்கு மேலேயே இருந்தது. தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டுக் குழாயும் அப்போது இறக்கியதுதான், பல வீடுகளைப் போலவே அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. நூறு சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ தொண்ணூறு லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பீப்பாய்களை நிரப்பி, ஒளியும் கொசுவும் புகாமல் மூடிவைத்தால் உப்பில்லாத நீர் மாசிவரை கைவசம் இருக்கிறது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நிலத்தை விலக்கிவிட்ட இம்முறையில் பொழுதின் ஆட்சி இரட்டிப்பாகிறது என்பதை வகுப்பில் அல்ல, மாடியில்தான் கற்றோம். சித்திரையில் தொட்டிநீர் முப்பது பாகையைக் கடந்தால் அதில் கரையும் உயிர்வளி குறைந்து வேரழுகல் பற்றிக்கொள்கிறது. ஆண்டு முழுதும் அறுவடை என்று விளம்பரத்தில் படிக்கும்போதெல்லாம், எந்த ஊர் வெயிலில் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே பங்குனி பிறந்ததும் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். எஞ்சிய கரைசலில் நீரைச் சேர்த்துக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறோம். மாமனார் வந்தால் முதலில் அந்தக் கன்றைத்தான் போய்ப் பார்க்கிறார்.