கறுப்புத் துணியின் நியாயம்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டெ மாயின் நகரில், 1965 டிசம்பரில், வியத்நாம் யுத்தத்தில் மடிந்தோருக்காகத் துக்கம் காட்டும் பொருட்டு, இரண்டு அங்குல அகலக் கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு மௌனமாக வகுப்புக்குச் சென்ற 13 வயதுச் சிறுமி மேரி பெத் டிங்கரை, அதை அவிழ்க்கச் சொல்லி அவள் அவிழ்த்த பின்னும், பள்ளி அதிகாரிகள் விலக்கி வைத்தார்கள். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1969 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 7 பேர், பாடம் நடப்பதற்குப் பெரும் பங்கமோ பிறர் உரிமைக்கு ஹானியோ நேராத வரையில், மாணவரின் பேச்சுரிமை பள்ளி வாசலோடு முடிந்துவிடுவதில்லை என்று தீர்ப்பளித்தார்கள். குழப்பம் வருமோ என்ற வெறும் பயம் ஒரு குழந்தையின் வாயை அடைக்கப் போதிய காரணமாகாது. வகுப்பில் பேச அஞ்சி வளரும் பிள்ளை, நாளை பிரஜையாக நிமிர்ந்து நிற்பது எங்ஙனம்? ஜனநாயகத்தை ஏட்டில் கற்பித்தால் மட்டும் போதாது. பள்ளிக்கூடத்திலேயே அதைப் பழகவும் விட வேண்டும்.