குரலை நிறுத்தினால் போதுமா?

ஒலிபரப்பு நிலையம் ஒன்று, பழைய புகார்களின் பேரில் தன் பிரபல அறிவிப்பாளரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "முப்பது ஆண்டுகள் வாய் மூடியிருந்துவிட்டு இன்றைக்கு ஏன் பேச வேண்டும்? ஒரு மனிதனின் பிழைப்பில் மண் போடுவது நியாயமா?" என்கிறது ஒரு கட்சி. "இத்தனை காலம் அவரை வைத்துக்கொண்டிருந்ததே தப்பு. இப்போதாவது தொலைந்தாரே!" என்கிறது மற்றது. லண்டனில் நடந்த இந்த விவாதம் மாயாபந்தர் டீக்கடையிலும் அதே சூட்டோடு நடக்கிறது. ஆனால் இரு கட்சியாரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். அந்த மனிதரை அத்தனை ஆண்டுகள் மைக்கின் முன் உட்காரவைத்தவர்கள் யார்? அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? தெரிந்தபின் என்ன செய்தார்கள்?

தீவுவாசிகள் இதை எங்கோ நடக்கும் ஊர் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மாயாபந்தர், ரங்கத், திக்லிப்பூர் மக்கள் கப்பல் புறப்பாட்டையும் புயல் எச்சரிக்கையையும் நெடுங்காலம் வானொலி வழியாகத்தான் அறிந்தார்கள். சென்னைப் பத்திரிகை கப்பலேறி வந்து சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் வானொலிக் குரல் வீட்டு மனிதரின் குரலாகவே ஆகிவிடுகிறது. முகம் தெரியாமலே மக்கள் வைக்கும் அந்த நம்பிக்கைதான் ஒலிபரப்பு நிலையத்தின் மூலதனம். தீயவன் கையில் சிக்கினால் அதுவே அவனுக்குக் கேடயமாகவும் ஆகிவிடும்.

பி.பி.சி.யின் ஜிம்மி சாவில் விவகாரம் இதற்குப் பெரிய உதாரணம். குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றிவைக்கும் டெலிவிஷன் நிகழ்ச்சியை அவர் 1975 முதல் 1994 வரை நடத்தினார். நாடே அவரைத் தர்மப்பிரபு என்று கொண்டாடியது. 2011 அக்டோபரில் அவர் இறந்தபின், பி.பி.சி.யின் சொந்தச் செய்திப் பிரிவே அவர் மீதான புகார்களைத் துருவி ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. அது ஒளிபரப்பாகவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சிகள் மட்டும் தவறாமல் வந்தன. 2012 அக்டோபரில் வேறொரு டெலிவிஷன் நிறுவனம் விஷயத்தை உடைத்தது. அதன்பின் சுமார் 450 பேர் போலீசாரிடம் முன்வந்தார்கள்.

பி.பி.சி. நியமித்த முன்னாள் நீதிபதி ஜேனட் ஸ்மித் 2016 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார். பி.பி.சி. பணி சம்பந்தமாக மட்டும் சாவிலால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் என்றார். கீழ்மட்ட ஊழியர்கள் பலருக்கு ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்திருந்தது. மேலே போய்ச் சொன்னால் தம் வேலைக்கு உலை வரும் என்ற பயத்தில் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நட்சத்திர அறிவிப்பாளர்களைத் தட்டிக் கேட்பார் இல்லை. அறிக்கையின் சாரம் இதுதான். சாவிலை வேலையிலிருந்து நீக்கும் வாய்ப்புகூட யாருக்கும் கிடைக்காமல் போயிற்று.

இதன் மறுபக்கமும் உண்டு. சாவில் விஷயத்தில் தூங்கிய அதே செய்திப் பிரிவு, 2012 நவம்பரில் வேறொரு பழைய புகாரை அவசரமாக ஒளிபரப்பியது. பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊர் வாய் மெக்அல்பைன் பிரபு என்ற அரசியல் பிரமுகரின் பெயரைச் சொல்லிவிட்டது. ஒரு வாரத்தில் புகார் சொன்னவரே, தாம் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். பி.பி.சி. 1,85,000 பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. பதவியேற்று 54 நாளே ஆகியிருந்த டைரக்டர் ஜெனரல் ராஜினாமா செய்தார். விசாரிக்காமல் மூடியதும் தப்பாயிற்று. விசாரிக்காமல் திறந்ததும் தப்பாயிற்று.

கனடாவில் நடந்தது வேறு விதம். அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஜியான் கோமேஷி என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளரை 2014 அக்டோபரில் நீக்கியது. 2016 மார்ச்சில் கோர்ட்டு அவரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அப்படியானால் நீக்கியது அநியாயம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இடையில், 2015 ஏப்ரலில், நிறுவனம் நியமித்த வக்கீலின் விசாரணை அறிக்கை வெளிவந்திருந்தது. வேலையிடத்தில் அவருடைய நடத்தை வரம்பு மீறியது என்றும், நிர்வாகம் அதைக் கண்டும் காணாமலும் இருந்தது என்றும் அது கூறிற்று. கிரிமினல் குற்றம் ருசுவாகவில்லை என்பது ஒன்று. அலுவலக ஒழுங்கு மீறப்பட்டதா என்பது இன்னொன்று. மேலதிகாரிகள் கடமை தவறினார்களா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் விவாதமாகவே நின்றுவிடுகிறது.

நம் நாட்டில் நீக்கப்படுவது பெரும்பாலும் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் 2013 மார்ச்சில், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவரின் புகாரின் பேரில் அந்த நிறுவனத்தின் செய்திப் பிரிவுத் தலைவர் கைதானார். சில வாரங்களில் புகார் கொடுத்த பெண்ணே சஸ்பெண்டு செய்யப்பட்டார். மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் வானொலி நிலையத்தில் புகார் செய்த 9 பெண்கள் வேலையிழந்ததாகவும், புகாருக்குள்ளான அதிகாரி ஊர் மாற்றப்பட்டதாகவும் 2018 நவம்பரில் செய்தி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றது ஆகாசவாணி. அப்போது பெண்கள் நல மந்திரியாக இருந்த மேனகா காந்தி, தற்காலிக அறிவிப்பாளர்களின் புகார்கள் குறித்து ஒலிபரப்புத் துறை மந்திரிக்கே கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தற்காலிக அறிவிப்பாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது; கிடைக்கும் டூட்டிக்குத்தான் காசு. அடுத்த மாத டூட்டிப் பட்டியலில் பெயர் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரி மேலேயே அவர் புகார் எழுத வேண்டும் என்றால், பேனா எப்படி ஓடும்?

"ஏன் அன்றே சொல்லவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். டில்லிக் கோர்ட்டும் இதை உணர்ந்தது. மந்திரி பதவியை ராஜினாமா செய்த எம்.ஜே.அக்பர், 1993-ல் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தை வெளியிட்டதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது மானநஷ்ட வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரி 17-ந் தேதி ரமணி விடுவிக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்தும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றார் மாஜிஸ்டிரேட். அக்பர் ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்.

ஆனால் 2013-ம் ஆண்டுச் சட்டம் இத்தனை தாராளமாக இல்லை. வேலையிடத்துப் பாலியல் தொல்லை பற்றிய புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அதற்குமேல் வழியில்லை. கல்கத்தாவில் சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் மீது வந்த புகார் காலதாமதமானது என்று 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. எனினும், அந்தத் தீர்ப்பை அவர் தமது சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. காலக்கெடு எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதை நீதிபதிகளின் இந்தச் சங்கடமே காட்டுகிறது. கெடுவை நீட்டப் பார்லிமெண்டு முன்வர வேண்டும்.

அதற்காகப் புகார் வந்த மறுநாளே ஆளைத் தூக்கி எறிவது முறையாகாது. சர்க்கார் உத்தியோகத்தில், ரயில்வேயானாலும் தபாலானாலும், சஸ்பென்ஷன் வேறு, டிஸ்மிஸ் வேறு. சஸ்பென்ஷன் தண்டனையே அல்ல, பிழைப்பூதியம் உண்டு. டிஸ்மிஸ் செய்வதற்கு முன் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்பளித்து, விசாரிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 311-வது விதி. கடைநிலை ஊழியருக்குக் கிடைக்கும் இந்த நியாயம் நட்சத்திர அறிவிப்பாளருக்கும் கிடைக்கட்டும். புகார் வந்தால் மைக்கிலிருந்து விலக்கி வையுங்கள். சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் விசாரணையை முடியுங்கள். பிறகு தீர்மானியுங்கள்.

விசாரணை அவரோடு நின்றுவிடக் கூடாது. முன்பு வந்த புகார்கள் யார் மேஜையில் தூங்கின என்பதையும் அது காண வேண்டும். முடிவையும் வெளியிட வேண்டும். புகார் செய்தவரின் அடையாளத்தை மறைத்து, கிடைத்த நியாயத்தை மட்டும் வெளியிடச் சட்டமே இடம் தருகிறது. ஒரு வரி அறிக்கை கொடுத்துவிட்டு ஆளை வாசலுக்கு அனுப்பும் நிர்வாகம், பெரும்பாலும் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறது. நீக்கப்பட்டவர் குற்றவாளியானால் உடந்தைகள் தப்புகிறார்கள். நிரபராதியானால் பழி அவரை விட்டு அகல்வதேயில்லை.

மாயாபந்தருக்கும் இதில் வேலை இருக்கிறது. வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைநகரம் 2006 முதல் இதுதான். பத்துக்குக் குறைவானவர் வேலை செய்யும் கடை, லாட்ஜ், பட்டறையில் நடக்கும் கொடுமையைக் கேட்க மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். தினக்கூலிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதைத் தமிழிலும் வங்காளத்திலும் ஹிந்தியிலும் பஞ்சாயத்துப் பலகையில் மாவட்ட நிர்வாகம் எழுதி வைக்கட்டும். புயல் எச்சரிக்கை சொல்லும் அதே வானொலி அதையும் சொல்லட்டும். உரிய காலத்தில் சொல்ல இடம் கிடைத்தால், முப்பது ஆண்டு கழித்து விவாதிக்கும் அவசியமே எழாது.