ஜி.ஐ. பைப்பை நெருப்பில் வாட்டி வளைக்கலாமா?

“கிணற்றிலிருந்து திராட்சைப் பந்தலுக்கு 2 அங்குல ஜி.ஐ. பைப் பதிக்கிறோம். வீட்டுக்குக் குடிநீரும் இதே லைனில்தான் வரும். பாறை குறுக்கிடுவதால் ஓரிடத்தில் லேசாகவும், வீட்டு முனையில் 90 டிகிரியும் திருப்ப வேண்டும். நெருப்பில் வாட்டி வளைத்தால் எல்போ செலவு மிச்சம் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?”

- வாசகர், கம்பம்.

வேண்டாம். ஜி.ஐ. பைப்புக்கு ஆயுள் தருவது அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சுதான். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு சிவக்கும் சூடு 700 டிகிரியைத் தாண்டும். அதற்குள் பூச்சு வெண்புகையாகப் போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க் காய்ச்சல் வரும். வெளிப்புறத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம். உள்புறத்துக்கு யார் அடிப்பது? நீங்கள் குடிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

லேசான வளைவுக்கு, சூடு காட்டாமல் ஹைட்ராலிக் பைப் பெண்டரில் வளைக்கலாம். பைப்பை இரண்டு கல்லுக்கு நடுவே கொடுத்து மிதித்தால் நசுங்கும். பட்டறைக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* மஞ்சள் பட்டை போட்ட பைப் மெல்லியது; வளைக்க வேண்டாம். நீலப் பட்டை (நடுத்தரம்), சிவப்புப் பட்டை (கனம்) ஏற்றவை.

* வளைவின் ஆரம், பைப்பின் வெளி விட்டத்தைப் போல 8 மடங்குக்குக் குறையக் கூடாது. 2 அங்குல பைப்பின் வெளி விட்டம் 60 மி.மீ. என்பதால், ஆரம் சுமார் ஒன்றரை அடி வேண்டும்.

* பைப்பின் நீளவாக்கில் ஓடும் வெல்டிங் தையல், வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

* மரை வெட்டிய முனைக்கு அருகில் வளைக்காதீர்கள். பூச்சு உரிந்த இடத்திலும் வெளியே தெரியும் மரையிலும் துத்தநாகப் பெயின்ட் பூசுங்கள்.

வீட்டு முனையில் 90 டிகிரிக்குக் கடையில் விற்கும் நீள ‘பெண்ட்’ வாங்கிப் போடுங்கள். 2 அங்குல எல்போ ஒன்று, சுமார் 5 அடி நேர் பைப் அளவுக்குத் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். நீள பெண்டில் இந்த இழப்பு குறைவு. திருப்பம் அதிகமானால் அந்தச் சுமை மோட்டார்மேல்தான் விழும்.

எப்படித் திருப்பினாலும் அந்த இடத்துக்குப் பிடிமானம் வேண்டும். லைனில் 50 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தம் இருந்தால், 2 அங்குல பைப்பின் 90 டிகிரி முனையை ஏறக்குறைய 150 கிலோ விசை வெளியே தள்ளும். மோட்டார் போட்டு நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த விசை மாறுவதால், நாளடைவில் மரை தளர்ந்து கசியும். லோயர்கேம்ப் மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வகைக் குழாய்களைத் திருப்பங்களில் கான்கிரீட்டால் இறுக்கிப் பிடிப்பது இதற்காகத்தான். உங்கள் முனைக்கு வெளிப்புறமாக, வெட்டாத கெட்டி மண்ணை ஒட்டி ஒரு கான்கிரீட் கட்டி போட்டால் போதும். இணைப்பு மட்டும் கான்கிரீட்டுக்குள் புதையாமல் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று: மண் மூடுமுன் மோட்டாரை ஓட்டி, முனை வால்வை மெதுவாக மூடி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றே சரி செய்யுங்கள். பந்தல் படர்ந்த பிறகு வேருக்கு நடுவே தோண்டுவது, எல்போவில் மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு செலவு.